வெள்ளம் கேறாத தெருவில் ஒரு வீடு காணல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருவுக்குள் ஒரு ஃபிரிட்ஜ் வந்தது.

தள்ளுவண்டியில், கயிறு கட்டி, நின்ற கோலத்தில். பின்னாலேயே ஒரு வாஷிங் மெஷின். அதற்கும் பின்னால் வரிசையாக ஸ்கூட்டர்கள் — ஒன்றின் முன்பக்கத்தில் கூண்டோடு லவ் பேர்ட்ஸ். இந்த ஊர்வலத்துக்குத் தலைமை, கைலியை மடித்துக் கட்டிய பஷீர் இக்கா. பக்கத்துத் தெருக்காரர். மட்டாஞ்சேரி பஜாரில் வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம்.

"என்ன இக்கா, வீடு மாத்தறீங்களா?" என்றேன் வாசலில் நின்றபடி.

"எங்க தெருவுல வெள்ளம் கேறிடுச்சு மோளே. அதான் எல்லாரும் இங்க வந்துட்டோம். மேப்புல இங்கதானே வரச் சொல்லியிருக்கு?"

சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தார். அவருடைய கணுக்காலைச் சுற்றித் தண்ணீர் நின்றது. எங்கள் தெருவின் தண்ணீர்.

"இங்கயும் வெள்ளமா?" என்றார், ஏமாற்றப்பட்டவரின் குரலில்.

இன்னும் சற்று நேரத்தில் எங்கள் தெருவுக்கு வேறு சில விருந்தாளிகள் வரவிருந்தார்கள். அவர்களுக்கு இந்தத் தண்ணீர் தெரியவே கூடாது என்றுதான் ஒரு தெருவே சேர்ந்து பாடுபட்டுக்கொண்டிருந்தது...

முதலிலிருந்து சொல்கிறேன்.

கொச்சிக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே வீட்டுக்குள் வெள்ளம் 'கேற', அதாவது ஏற, மழை வேண்டாம், புயல் வேண்டாம். வேலியேற்றம் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பொங்கும்போது காயல் ஏறும். காயலிலிருந்து கால்வாய்க்கு, கால்வாயிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து எங்கள் பாத்ரூமுக்கு. வானம் பளிச்சென்று இருக்கும். வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் செருப்பு மிதக்கும். முன்பெல்லாம் எப்போதாவது வந்து எட்டிப் பார்க்கும். இப்போது கார்த்திகை தொடங்கிவிட்டால், பங்குனி முடியும்வரை போவதும் வருவதுமாக, சொந்த வீடு மாதிரி.

எதிர்வீட்டு சரோஜாக்காவுக்கு இந்தத் தண்ணீரோடு தனிப்பட்ட பகை உண்டு. அவருடைய மகன் முரளிக்கு முப்பத்தைந்து ஆகப்போகிறது. தங்கமான பையன். படகு இன்ஜின் ரிப்பேர் செய்யும் கம்பெனியில் நல்ல வேலை. ஜாதகம் சுத்தம். பெண்ணுக்குப் பிடிக்கும், பெண்ணின் அப்பாவுக்குப் பிடிக்கும். அப்புறம் வரும் 'வீடு காணல்'.

நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியுமே. பெண் பார்த்து முடிந்ததும், பெண்ணின் சொந்தக்காரர்கள் கூட்டமாகக் கிளம்பி வந்து மாப்பிள்ளையின் வீட்டைப் பார்ப்பார்கள். கிணறு, அடுக்களை, பாத்ரூம், அக்கம்பக்கம் எல்லாம். அங்கேதான் முரளி தோற்பான். சுவரில் முழங்கால் உயரத்தில் பெயின்ட் பொரிந்து கிடக்கும், வெள்ளம் விட்டுப்போன உப்புக் கோட்டை யாராவது ஒரு மாமா விரலால் சுரண்டிப் பார்ப்பார். "ஓ... இங்க வெள்ளம் கேறுமோ?" என்பார். சாயா குடிப்பார்கள். போவார்கள். அப்புறம் போன் வராது. ஒரு முறை அல்ல, பல முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் சரோஜாக்கா மிச்சமான லட்டுவைத் தெருவுக்கெல்லாம் கொடுப்பார். அந்த லட்டு தொண்டையில் இறங்காது.

இந்த நிலையில்தான் திருப்பூணித்துறையிலிருந்து வித்யாவின் ஜாதகம் வந்தது. ஸ்கூல் டீச்சர். முரளிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அந்தப் பெண்ணுக்கும்.

அதே வாரம்தான் எங்கள் வார்டில் காலநிலைத் திட்டக் கூட்டமும் வந்தது.

ஊருக்கு ஒரு காலநிலைத் திட்டம் தயாராகிறதாம். அதற்கு மக்களிடம் யோசனை கேட்கிறார்களாம். பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். சாயாவும், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் உண்டு. நான் எதற்காகப் போனேன் என்று கேட்காதீர்கள்... பழம்பொரி நன்றாக இருந்தது.

அனுபமா என்று ஒரு இளம் இன்ஜினியர் பேசினாள். மரம், பஸ், குப்பை, மொட்டைமாடிச் சூடு, கால்வாய், கண்டல் செடி என்று எல்லாவற்றையும் தொட்டாள். இந்த மாதிரிக் கூட்டங்களில் எனக்குத் தூக்கம் வருவது வழக்கம். அன்று வரவில்லை. ஏனென்றால் அவள் ஒரு பெரிய மேப்பை மேஜைமேல் விரித்தாள். எங்கள் வார்டு. எங்கள் தெருக்கள். குட்டிக் குட்டிக் கட்டங்களாக எங்கள் வீடுகள்.

"வெயில் தாங்க முடியாத வீட்டுக்காரங்க சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்க. வேலியேற்றத்துக்கு வெள்ளம் வர்ற வீடுன்னா நீலம். சாட்டிலைட்டுக்கு உங்க பாத்ரூம் தெரியாது சேச்சி. உங்களுக்குத்தான் தெரியும்," என்றாள். நீலம் எங்கே அதிகமோ அங்கேதான் முதல் வேலையாம். ஓடையை உயர்த்துவது, உள்ளிருக்கும் நீரை வெளியே விட்டு வெளிநீரை உள்ளே விடாத ஷட்டரைக் கால்வாய் வாயில் வைப்பது.

கேட்கும்போதே காதில் தேன் பாய்ந்தது. எத்தனை வருஷமாக இதற்கு ஏங்கியிருக்கிறோம்? எங்கள் தெரு மொத்தமும் பாய்ந்து போய் நீலத்தை ஒட்டியிருக்க வேண்டும் அல்லவா?

ஒருவரும் அசையவில்லை.

காரணம், முந்தின நாளே சரோஜாக்கா வீடு வீடாக வந்துவிட்டுப் போயிருந்தார். "உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இந்த ஒரு கல்யாணம் கழியட்டும். கூட்டத்துல ஏதோ மேப்பு போடறாங்களாம், அது எல்லார் போன்லயும் வரும்னு சொல்றாங்க. திருப்பூணித்துறைக்காரங்க பாத்தா தீந்தது. ஷட்டர் அடுத்த வருஷம் வரட்டும். பையனுக்கு அடுத்த வருஷம் பொண்ணு கெடைக்குமா?"

நீங்களே சொல்லுங்கள், இதற்கு என்ன பதில் சொல்வது? முரளி மட்டும், "எதுக்கும்மா இதெல்லாம்," என்று முணுமுணுத்தான். மாப்பிள்ளைப் பையனின் பேச்சை யார் கேட்கிறார்கள்?

ஆக, இரண்டு பக்கத்துத் தெருக்களும் நீலமாகிக்கொண்டே வர, நடுவில் எங்கள் தெரு மட்டும் பளிங்கு மாதிரி இருந்தது. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு எங்கள் வீட்டுக்காரரைத் தெரியும். பொய் சொல்ல வராத மனிதர். அவர் கை தானாக நீல ஸ்டிக்கரை நோக்கிப் போனது. நான் கிள்ளினேன். கை திரும்பி வந்தது.

அனுபமா மேப்பைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். "சேச்சி, உங்க தெரு மட்டும் எப்படி?"

"எல்லாம் பகவான் கடாட்சம் மோளே," என்றார் சரோஜாக்கா, கண்ணை மூடிக் கும்பிட்டபடி.

அவளுக்குச் சந்தேகம்தான். ஆனாலும் மக்கள் சொன்னதைத்தானே எழுத முடியும்? அதன்படியே வரைவு மேப் ஒன்று வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. பக்கத்துத் தெருக்கள் நீலம். எங்கள் தெரு பச்சை. கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு — 'வேலியேற்ற நாட்களில் அண்டைத் தெருவினர் வாகனங்களையும் பொருட்களையும் கொண்டுவந்து வைக்க உகந்த இடம்.'

எங்கள் தெருவில் யாரும் அந்தக் குறிப்பைப் படிக்கவில்லை. பச்சை நன்றாக இருக்கிறது என்று பூங்கொத்து ஸ்டிக்கர் அனுப்பினோம்.

திருப்பூணித்துறையிலிருந்து விசாரிக்கவும் வந்தார்கள். வித்யாவின் பெரியம்மா, விசாலம். ஓய்வுபெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. வாடகைக்கு வீடு பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு தெருவில் நான்கு வீடு ஏறினார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். சாயா கொடுத்தேன்.

"இங்கல்லாம் வெள்ளம் கேறும்னு சொல்றாங்களே?"

"இங்கயா? சேச்சே. அதெல்லாம் பக்கத்துத் தெருவுல," என்றேன். கூடவே, பக்கத்துத் தெருக்காரர்களுக்காகக் கொஞ்சம் வருத்தமும் பட்டேன். எங்கள் வீட்டுக்காரரை அப்போது மொட்டைமாடியில் துணி எடுக்க அனுப்பியிருந்தேன்.

எல்லாம் கூடி வந்தது. அப்போதுதான் பெண் வீட்டுக்காரர்கள் வீடு காணலுக்கு நாள் குறித்தார்கள் — தை மாதப் பௌர்ணமி, ஞாயிறு, காலைப் பலகார நேரம். நிறைந்த நாள். பௌர்ணமி என்றால் வேலியேற்றம் ஆயிற்றே, சரோஜாக்கா என்ன செய்வார்? பௌர்ணமி வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே? காரணத்தைச் சொன்னால் சம்பந்தம் போச்சு. "அன்னிக்கு மட்டும் கேறாம இருக்கட்டும்," என்று பள்ளுருத்திக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டார்.

கேறியது. அதோடு ஒரு ஃபிரிட்ஜும் வந்தது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். நான் வாசலில். தண்ணீரில் பஷீர் இக்கா. பின்னால் பக்கத்துத் தெருவே நிற்கிறது.

"இக்கா, புண்ணியமாப் போகும். இதையெல்லாம் திருப்பிக் கொண்டு போயிடுங்க," என்றேன்.

"எங்க கொண்டு போறது? எங்க வீட்டுல முழங்கால் வரைக்கும் இருக்கு. உங்க தெருவுல வெள்ளம் கேறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்தக் கூட்டத்துல நானும் இருந்தேனே."

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்காரர் வெளியே வந்தார். இவர் ஏன் வந்தார்? துணி எடுக்க வேறு எதுவும் காயவில்லையா?

"இக்கா, அது வந்து... முரளிக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு வெள்ளம் தெரியக் கூடாதுன்னு தெருவுல எல்லாருமாச் சேந்து பொய் சொன்னோம். கல்யாணம் கழிஞ்சதும் உண்மையைச் சொல்லிக்கலாம்னு..."

"அப்படியா?" என்றது ஒரு குரல். பஷீர் இக்காவுடைய குரல் இல்லை.

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் விசாலம் பெரியம்மா நின்றிருந்தார். ஒரு கையில் பட்டுப் புடவையின் கொசுவம், இன்னொரு கையில் செருப்பு. அவருக்குப் பின்னால் மாமாக்கள், சித்திகள், ஒரு தட்டுப் பழம்.

லவ் பேர்ட்ஸ் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தன.

எனக்கு அந்த நிமிஷம் முரளியின் முகம்தான் மனசில் வந்தது. எங்களால் இந்தப் பையனின் சம்பந்தம் கெட்டுப்போயிற்றே! வெறும் தண்ணீர் என்றாலாவது மன்னிப்பார்கள். தண்ணீரோடு ஒரு தெருப் பொய்யும் சேர்ந்தால் யார் பெண் கொடுப்பார்கள்?

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. முரளி வந்தான். புது வேட்டி, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தான். கையில் இரண்டு செங்கல். சோபாவை உயர்த்திக்கொண்டிருந்தவன் சத்தம் கேட்டு வந்திருக்கிறான்.

"வாங்க பெரியம்மா. இங்க வெள்ளம் கேறும். கல்யாணத்துக்கு அப்பறமும் கேறும். செருப்பைக் குடுங்க, மேல வெக்கறேன். இந்த ஓரமா நடங்க, அங்க பாசி கிடையாது," என்றான்.

பெரியம்மா கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். பிறகு செருப்பை நீட்டினார்.

உள்ளே போனார்கள். பின்னாலேயே நாங்களும் போனோம். அழைப்பில்லாமல் பஷீர் இக்காவும். சரோஜாக்கா அழுதுகொண்டே இட்லி பரிமாறினார். எல்லாரும் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரியம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கருங்கல் மேல் நிற்கும் ஃபிரிட்ஜ். தோள் உயரத்தில் பிளக் பாயின்ட். ஒரு பரீட்சைப் பேப்பரைத் திருத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். உப்புக் கோட்டின் முன் நின்றார். விரலால் சுரண்டினார்.

பிறகு போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"வித்யா, இந்த வீட்டுல வெள்ளம் கேறும் மோளே. எங்ககிட்ட மறைச்சிருக்காங்க. நீ என்ன சொல்றே?"

"எனக்குத் தெரியும் பெரியம்மா. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே முரளி சொல்லியாச்சு. முழங்கால் வரைக்கும் வரும், யோசிச்சுச் சொல்லுன்னாரு. யோசிச்சுத்தான் சரின்னேன்."

"ஏன்டீ எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா வீடு காணவே போயிருக்க மாட்டீங்க."

முரளி செங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரோஜாக்கா மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கள் தெருவின் அத்தனை உழைப்பையும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்குத் தெரியக் கூடாதென்று மறைத்தோமோ, அந்தப் பெண்ணுக்கு முதல் நாளிலிருந்தே விஷயம் தெரியும்.

"அப்ப இதுல நம்பினது நான் ஒருத்திதானா?" என்றார் பெரியம்மா. என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே அன்னிக்குச் சாயா குடுத்து, இங்க வெள்ளமே கேறாதுன்னீங்க?"

"ஆமா," என்றேன். வேறென்ன சொல்ல?

"பக்கத்துத் தெருவுக்காக வருத்தம்கூடப் பட்டீங்களே."

பஷீர் இக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பெரியம்மாவின் முகத்தில் என்னவோ அசைந்தது. சிரிப்பு என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. "முப்பது வருஷம் ஸ்கூல்ல இருந்தவ நான். கூட்டாப் பொய் சொன்னா ஒண்ணு ரெண்டு பேராவது காட்டிக் குடுப்பாங்க. நான் ஏறின நாலு வீட்டுலயும் ஒரே பதில். ஒரு பையனுக்காக ஒரு தெருவே இப்படி நிக்குமா? எங்க ஃபிளாட்டுல எதிர் வீட்டுக்காரர் பேரு எனக்குத் தெரியாது. எங்க பொண்ணு இங்க வரட்டும். ஆனா ஒரு கண்டிஷன்."

சரோஜாக்கா இட்லித் தட்டோடு முன்னால் வந்தார்.

"தாலி கட்டறதுக்கு முன்னாடி அந்த மேப்பைத் திருத்தணும். ஷட்டர் வர்ற தெருவுல அவ குடும்பம் நடத்தட்டும்."

அன்று மிச்சமான லட்டு எதுவும் இல்லை. பஷீர் இக்கா இரண்டு எடுத்துக்கொண்டார். வெள்ளத்தைத் தெரு மாற்றிச் சொன்னதற்கு அபராதமாம்.

காலநிலைத் திட்டத்துக்குப் பெரிய தடை புகையும் பிளாஸ்டிக்கும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரன் பார்ப்பதும் என்று இப்போதுதான் தெரிகிறது. கடல் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுவிடலாம். 'எங்க வீட்டுல ஒரு குறையும் இல்ல' என்று சொல்லிப் பழகிய நம் வாயை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மாடி சுடுகிறது, கிணறு உப்பு, பாத்ரூமில் கடல் வருகிறது என்று ஒப்புக்கொள்ள நமக்குக் கூச்சம். திட்டம் என்பது எங்கோ ஆபீசில் எழுதுவது என்று நினைக்கிறோம். பாதியை நாம் வாயைத் திறந்து எழுத வேண்டியிருக்கிறது.

வரைவு மேப்புக்குத் திருத்தம் சொல்ல ஒரு கூட்டம் வைத்தார்கள். எங்கள் தெரு முழுப் பலத்தோடு போனது. இந்த முறை எல்லாருக்கும் ஆவேசம் வந்துவிட்டது. இடுப்பு என்றார் ஒருவர். நெஞ்சு என்றார் அடுத்தவர். எங்கள் வீட்டுக்காரர் மட்டும், "எங்க வீட்டுல கணுக்காலுக்கு மேல நாலு விரல்," என்று அளவோடு சொன்னார். அனுபமா அவர் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டாள். நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் அவருடைய உண்மை முதல் முறையாக எனக்குப் பயன்பட்டது.

இப்போது எங்கள் தெரு அழுத்தமான நீலம். வேலை என்று தொடங்கும் என்று இன்னும் சொல்லவில்லை. முதல் பட்டியலில் இருக்கிறோம், அது நிச்சயம். மேப் வாட்ஸ்அப்பில் வந்த அன்று சரோஜாக்கா பாயசம் வைத்தார். எங்கள் வீட்டில் கடல் வருகிறது என்று அறிவித்ததற்குப் பாயசம் குடித்தவர்கள் அநேகமாக நாங்களாகத்தான் இருப்போம்.

மிச்சமிருந்தது கல்யாண நாள். இங்கேதான் கடைசிச் சிக்கல். மணப்பெண் வீடு புகுவது எங்கள் தெருவில், விருந்து தெருப் பந்தலில். பெண் வீட்டு ஜோசியர் முதலில் ஒரு பௌர்ணமியைச் சொன்னார். "வேண்டாம்," என்றது தெரு, ஒரே குரலில். சந்திரன் பாதியாக இருக்கும் நாட்களில்தான் ஏற்றம் குறைவு என்றான் முரளி. அது எந்தத் திதி என்று பார்த்தால்... அஷ்டமி, நவமி. ஜோசியர் காதைப் பொத்திக்கொண்டார். கடலுக்கு நல்ல நாள் பஞ்சாங்கத்துக்கு ஆகாது. பஞ்சாங்கத்துக்கு நல்ல நாள் கடலுக்கு ஆகாது. போனில் ஒரு பக்கம் ஜோசியர், இன்னொரு பக்கம் முரளி, நடுவில் பெரியம்மா. பேரம் நடந்து, ஏற்றமும் குறைவாக, திதியும் பழுதில்லாமல், வளர்பிறை தசமியில் வந்து நின்றது. பங்குனியில் கல்யாணம்.

பத்திரிகை நேற்று வந்தது. மஞ்சள் தடவி, இரு வீட்டார் அழைப்பு, எல்லாம் முறைப்படி. அடியில் மட்டும், பெரியம்மாவின் உத்தரவில், ஒரு வரி அதிகம்:

'அன்று ஏற்றம் குறைவு. பட்டுப் புடவை தைரியமாக உடுத்தி வரலாம்.'